எம்.எஸ்.ஸுடன் வந்தே மாதரம் பாடிய புதுச்சேரி ஆசிரமவாசி: யார் இந்த திலீப் குமார் ராய்? எந்தப் பதிவுகளைக் கேட்கலாம்?

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வந்தே மாதரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு பழைய இசைத்தட்டுப் பதிவு வரும். அதில் எம்.எஸ்.ஸின் குரலோடு ஓர் ஆண் குரலும் கேட்கும். அழுத்தமான, உருண்டு வரும் குரல். நாம் வழக்கமாகக் கேட்கும் மெட்டும் அது இல்லை.

யாருடைய குரல் அது? நிறைய பேர் ஏதோ வட இந்தியப் பாடகர் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புதுச்சேரியில் வாழ்ந்தவர். மரீன் வீதியில் இருக்கிற ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ஆரம்பகாலச் சாதகர்களில் ஒருவர். பெயர் திலீப் குமார் ராய்.

இந்தி நடிகர் திலீப் குமார் வேறு, இவர் வேறு. வங்க இசை உலகில் இதே பெயரில் இன்னொரு பாடகரும் உண்டு. அவர் கவிஞர் ரஜனிகாந்த சென்னின் பேரன். பதிவுகளைத் தேடும்போது இந்தப் பெயர்க் குழப்பத்தை முதலில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு, புகழின் உச்சத்தில் இருந்த ஒரு பாடகர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் வந்தார்? வந்த பிறகு அவருடைய பாட்டு என்ன ஆனது? இன்றைக்கு அவரைக் கேட்க வேண்டுமென்றால் எதில் ஆரம்பிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பாட்டு வீட்டிலேயே இருந்தது

திலீப் குமார் ராய் பிறந்தது 1897 ஜனவரி 22-ம் தேதி. அப்பா துவிஜேந்திரலால் ராய், வங்கத்தின் பெரிய நாடக ஆசிரியர், கவிஞர், பாடலாசிரியர். தாகூரின் பாடல்களைப் போலவே இவருடைய பாடல்களும் வங்காளிகளின் வீடுகளில் இன்றும் பாடப்படுகின்றன.

சின்ன வயதிலேயே திலீப்புக்கு அம்மா தவறிவிட்டார். 1913-ல் அப்பாவும் போய்விட்டார். அப்போது திலீப்புக்கு வயது 16. அதன் பிறகு அம்மா வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தா கொல்கத்தாவில் பெயர் பெற்ற ஹோமியோபதி மருத்துவர்.

படிப்பில் கெட்டிக்காரர். பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தார். அங்கே கிடைத்த நெருங்கிய நண்பர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். 1919-ல் இருவருமே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். சுபாஷ் ஐ.சி.எஸ். தேர்வு எழுதித் தேறி, 1921-ல் அந்த வேலையை உதறிவிட்டு வந்த கதை நமக்குத் தெரியும். அதே காலத்தில் திலீப்பும் ஒரு பாதையை விட்டு இன்னொரு பாதைக்கு மாறிக்கொண்டிருந்தார்.

கணிதம் படிக்கப் போனவர், பியானோ முன் உட்கார்ந்தார்

கேம்பிரிட்ஜில் கணிதத்தோடு மேற்கத்திய இசையையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார் திலீப். பியானோ கற்றுக்கொண்டார். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி மொழிகளையும் அந்த நாடுகளின் குரலிசை முறைகளையும் தேடிப் போய்ப் படித்தார்.

இந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தின் நட்பு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற ரோலந்த் இசை வரலாற்று அறிஞரும்கூட. திலீப்பின் பாட்டைக் கேட்ட அவர், இந்த மனிதன் இசைக்குத்தான் போக வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். கணக்கும் பதவியும் பின்னுக்குப் போயின.

சுவிட்சர்லாந்தின் லுகானோ, வியன்னா என்று பல ஊர்களில் இந்திய இசையைப் பற்றிப் பேசியும் பாடிக்காட்டியும் விட்டு, 1922-ன் இறுதியில் நாடு திரும்பினார்.

இப்போது ஒரு சிக்கல். ஐரோப்பிய இசை கற்றாயிற்று. சொந்த நாட்டு இசையில் ஆழம் வேண்டாமா? ஊர் ஊராகப் போனார். அப்துல் கரீம் கான், ஃபையாஸ் கான் போன்ற ஜாம்பவான்களைத் தேடிப்போய்க் கேட்டார், கற்றார். இசை அறிஞர் பாத்கண்டேயைச் சந்தித்தார். அன்றைய கண்ணியமான சமூகம் ஒதுக்கி வைத்திருந்த பாயிஜிகளின் பாட்டையும் மரியாதையோடு உட்கார்ந்து கேட்டார். இந்தப் பயணங்களை வங்க மொழியில் நாட்குறிப்பாக எழுதி 1926-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

1924-ல் காந்தி புனே சசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அங்கே போய் அவருக்குப் பாட்டுப் பாடினார் திலீப். துறவும் கலையும் ஒன்றுக்கொன்று எதிரா என்பதைப் பற்றி இருவரும் பேசினார்கள். அந்தக் கேள்வி திலீப்பை வாழ்நாள் முழுக்க விடவே இல்லை.

தாகூரோடு என்ன தகராறு?

தகராறு என்று சொல்வதைவிட, அன்பான வழக்கு என்று சொல்லலாம்.

ஒரு பாட்டுக்கு மெட்டு போட்டாயிற்று. அதைப் பாடுகிறவர் அப்படியே பாட வேண்டுமா, இல்லை தன் கற்பனையைச் சேர்த்து விரித்துப் பாடலாமா? தாகூருக்குத் தன் பாடல்கள், தான் அமைத்த உருவத்திலேயே நிற்க வேண்டும் என்று விருப்பம். திலீப்போ பாடகருக்குச் சுதந்திரம் வேண்டும் என்றார். இந்திய இசையின் உயிரே பாடகர் அந்தந்த நேரத்தில் சேர்க்கும் கற்பனையில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. இருவரும் நேரிலும் கடிதத்திலும் இதைப் பற்றி நிறைய விவாதித்தார்கள். யாரும் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. உறவும் முறியவில்லை.

நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஒரே கீர்த்தனையை நான்கு வித்வான்கள் நான்கு விதமாக நிரவல் செய்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். திலீப்பின் பதிவுகளைக் கேட்கும்போது இந்த வழக்கு ஞாபகத்தில் இருந்தால், அவர் ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வளைவுகளில் பாடுகிறார் என்பது விளங்கும்.

புகழை விட்டு ஏன் புதுச்சேரிக்கு?

1920-களில் திலீப் வங்கத்தில் நட்சத்திரம். அவர் பாடினால் அரங்கம் நிறையும். இசைத்தட்டுகள் விற்றன. காஜி நஸ்ருல் இஸ்லாமின் பாடல்களை ஆரம்ப காலத்தில் மேடைகளில் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் உள்ளுக்குள் வேறொரு தேடல். 1924 ஜனவரியில் முதன்முறையாகப் புதுச்சேரி வந்து ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். யோகத்தில் சேர வேண்டும் என்று கேட்டார். உன் தாகம் இன்னும் அந்த அளவுக்குப் பழுக்கவில்லை என்கிற பதில் வந்தது. ஏமாற்றத்தோடு திரும்பினார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1928 நவம்பரில் மறுபடி வந்தார். இந்த முறை தங்கிவிட்டார். வயது 31.

அப்போதைய புதுச்சேரியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பிரெஞ்சுக் கொடி பறக்கும் அமைதியான கடலோர ஊர். பாரதியார் இந்த ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஸ்ரீ அரவிந்தர் 1926 நவம்பரிலிருந்து தனிமையில் இருந்தார். வருஷத்தில் மூன்று நாள்தான் தரிசனம். ஆசிரமத்தின் அன்றாடப் பொறுப்பு முழுவதும் அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாஸாவிடம். நண்பர் கூட்டமும் கைதட்டலுமாக வாழ்ந்த ஒருவருக்கு இது சுலபமான இடம் இல்லை.

ஆயிரக்கணக்கில் கடிதங்கள்

குருவை நேரில் பார்த்துப் பேச முடியாது. அப்புறம் என்ன வழி? கடிதம்தான்.

திலீப் எழுதிக் குவித்தார். ஸ்ரீ அரவிந்தரும் இரவில் உட்கார்ந்து பதில் எழுதினார். கவிதை, யாப்பு, இசை, கடவுள், மனச்சோர்வு, கோபம் என்று எல்லாம் அதில் உண்டு. ஸ்ரீ அரவிந்தரிடமிருந்து மிக அதிகமான கடிதங்களைப் பெற்றவர்களில் ஒருவர் திலீப். 1938-ல் ஸ்ரீ அரவிந்தருக்குக் காலில் அடிபட்ட பிறகு சாதகர்களுக்குக் கடிதம் எழுதுவது ஏறக்குறைய நின்றது. அப்போதும் திலீப்புக்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

இவர் அடங்கின சீடர் கிடையாது. சந்தேகம் கேட்பார், முரண்டு பிடிப்பார். கிருஷ்ண பக்திதான் தன் வழி, இந்த யோகம் தனக்கு ஒத்துவரவில்லை என்று புலம்புவார். ஊரை விட்டே போகிறேன் என்பார். ஒவ்வொரு முறையும் பொறுமையாக ஒரு பதில் வரும், அவரும் தங்கிவிடுவார். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

பாட்டு? அது நிற்கவில்லை. ஆசிரமத்தில் அன்னையின் முன் பாடினார். புதிது புதிதாக மெட்டமைத்தார். அன்னையே ஆர்கன் வாசிப்பவர் என்பதால், மேற்கத்திய இசையும் இந்திய இசையும் அந்த வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒலித்தன. கேம்பிரிட்ஜில் பியானோ பழகிய திலீப்புக்கு இது அந்நியமாக இருந்திருக்காது.

நாவல், கவிதை, வாழ்க்கைக் குறிப்புகள் என்று எழுத்தும் தொடர்ந்தது. ரோலந்த், காந்தி, ரஸ்ஸல், தாகூர், ஸ்ரீ அரவிந்தர் ஆகியோருடனான சந்திப்புகளை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். நண்பர் சுபாஷைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

உமா போஸ்: சீக்கிரம் அணைந்த குரல்

1930-களின் பிற்பகுதியில் திலீப் மறுபடியும் கொல்கத்தா போய்ப் பாட ஆரம்பித்தார். அப்போது கிடைத்த மாணவிதான் உமா போஸ். 1921-ல் பிறந்தவர். வங்கத்தின் பாடும் குயில் என்று காந்தியே பாராட்டிய குரல். திலீப்பின் கடினமான சங்கதிகளை அநாயாசமாகப் பாடக்கூடியவர்.

1942-ல், 21 வயதில் உமா இறந்துபோனார். தன் பாணியை அப்படியே கொண்டு போகக்கூடிய வாரிசு என்று யாரை நினைத்தாரோ, அவருடைய குரல் சில இசைத்தட்டுகளில் மட்டும் தங்கிவிட்டது.

எம்.எஸ். எப்படி வந்தார்?

1940-கள். எம்.எஸ். நடித்த மீரா படம் தமிழில் 1945-ல் வெளியானது. 1947-ல் இந்தியில் வந்தது. மீரா பஜனைகளில் ஊறியவரான திலீப்புக்கு அந்த இந்திப் பதிப்பின் இசையில் பங்கு உண்டு. எம்.எஸ்.-சதாசிவம் தம்பதிக்கும் அவருக்கும் நல்ல நட்பு ஏற்பட்டது. எம்.எஸ். அவரிடம் பாடல்களும் கற்றுக்கொண்டார்.

இந்த நட்பில் விளைந்தவைதான் ஹெச்.எம்.வி. இசைத்தட்டில் இருவரும் சேர்ந்து பாடிய பாடல்கள். ஒன்று வந்தே மாதரம். இன்னொன்று திலீப்பின் அப்பா எழுதிய தன தான்ய புஷ்ப பரா. மண்ணின் வளத்தையும் அழகையும் பாடும் அந்தப் பாட்டை இன்றும் வங்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

இதில் புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் உண்டு. பங்கிம் சந்திரரின் வந்தே மாதரத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் பாரதியார். 1909-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஸ்ரீ அரவிந்தர். இருவருமே பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி இந்த ஊரில் அடைக்கலம் புகுந்தவர்கள். அதே பாட்டுக்குப் புது மெட்டமைத்து எம்.எஸ்.ஸோடு பாடியவரும் இதே ஊரில் வாழ்ந்தவர்.

அப்புறம் என்ன ஆச்சு?

1949-ல் இந்திரா தேவி என்ற பெண் திலீப்பின் சிஷ்யையாகப் புதுச்சேரிக்கு வந்தார். தியானத்தில் மீராபாயின் பாடல்கள் தனக்குக் கேட்பதாக அவர் சொன்னார். அவர் இந்தியில் சொன்ன பாடல்களுக்குத் திலீப் மெட்டமைத்துப் பாடினார். பின்னாளில் அவர் பாடியவற்றில் பெரும் பகுதி இந்தப் பாடல்கள்தான்.

1950 டிசம்பர் 5-ம் தேதி ஸ்ரீ அரவிந்தர் மறைந்தார். திலீப்பைப் புதுச்சேரியோடு கட்டியிருந்த முக்கியமான கயிறு அறுந்தது. 1953-ல் இந்திய அரசின் சார்பில் இந்திரா தேவியோடு ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று இசைப்பயணம் போனார். அதன் பிறகு புனேயில் நிலைகொண்டார். 1959-ல் அங்கே ஹரி கிருஷ்ண மந்திர் உருவானது. 1924-ல் எந்த ஊர் மருத்துவமனையில் காந்திக்குப் பாடினாரோ, அதே ஊர்.

1965-ல் சங்கீத நாடக அகாடமி அவரைத் தன் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. 1980 ஜனவரி 6-ம் தேதி, 83 வயதை எட்டச் சில நாள்களே இருந்தபோது, காலமானார்.

சரி, எதுல ஆரம்பிக்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

1. வந்தே மாதரம், எம்.எஸ்.ஸுடன். தெரிந்த குரல், தெரிந்த பாட்டு என்பதால் தமிழ்க் காதுக்கு இதுதான் சரியான வாசல். முதல் தடவை எம்.எஸ்.ஸை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை திலீப்பை மட்டும் பின்தொடருங்கள். கர்நாடக இசையில் ஊறிய குரலும் இந்துஸ்தானியில் ஊறிய குரலும் ஒரே மெட்டை எப்படிப் பிடிக்கின்றன என்பது தெரியும்.

2. தன தான்ய புஷ்ப பரா, எம்.எஸ்.ஸுடன். அப்பா எழுதிய பாட்டை மகன் பாடுகிறார். கூடவே மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் வங்காளத்தில் பாடுகிறார். இந்தியா சுதந்திரத்தை எட்டிக்கொண்டிருந்த காலத்தின் மனநிலை இதில் பதிவாகியிருக்கிறது.

3. பிருந்தாபனேர் லீலா அபிராம். திலீப் தனியாகப் பாடிய புகழ்பெற்ற கிருஷ்ண கீர்த்தனம். அவர் உண்மையில் எப்படிப்பட்ட பாடகர் என்பது இங்கேதான் தெரியும். வங்கக் கீர்த்தன மரபின் உருக்கமும், உஸ்தாத்களிடம் கேட்டுப் பழகிய தான்களும் ஒன்றாகக் கலந்து வரும். தாகூரோடு அவர் நடத்திய வழக்கில் அவர் தரப்பு வாதம் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம்.

4. உமா போஸின் பதிவுகள். ஆசிரியரின் பாணியை மாணவியின் குரலில் கேட்பது தனி அனுபவம். திலீப்பிடம் சில இடங்களில் உணர்ச்சி கூடிப்போகிறது என்று தோன்றினால், உமாவிடம் அதே பாணி இன்னும் தெளிவாக, லேசாகக் கேட்கும்.

5. இந்திரா தேவியின் மீரா பஜனைகள். இவை பிற்காலத்தவை. குரலில் வயது தெரியும். இளமைக்கால வித்தைகள் குறைந்திருக்கும். அவற்றுக்குப் பதிலாக ஒரு மன்றாடல் இருக்கும். முதல் மூன்றையும் கேட்ட பிறகு இதற்கு வந்தால்தான் இந்த மாற்றம் புரியும்.

கேட்கும்போது எதைக் கவனிக்கணும்?

முதலில், நேரம். அன்றைய 78 சுற்று அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். அதனால் சில பதிவுகள் அவசரமாகத் தோன்றலாம். அது பாடகரின் குறை இல்லை, தட்டின் குறை.

இரண்டாவது, வேகம். பழைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும், குரல் கீச்சென்று ஆகிவிடும். ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பதிவேற்றங்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, குரல் இயல்பாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, இரைச்சல். சரசரப்பை முழுவதும் நீக்கிய பதிவுகள் காதுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் சரசரப்போடு சேர்த்துக் குரலின் நுட்பமும் போயிருக்கும். கொஞ்சம் இரைச்சல் உள்ள பதிவே பல சமயம் மேல். ஹெட்ஃபோன் போட்டு இரண்டு தடவை கேட்டால் காது பழகிவிடும்.

ஏன் இவர் நமக்கு முக்கியம்?

கலையா, துறவா என்று வந்தபோது திலீப் இரண்டில் ஒன்றை முழுசாக விடவில்லை. அதற்கு அவர் விலையும் கொடுத்தார். கொல்கத்தா மேடையிலேயே இருந்திருந்தால் இன்னும் நிறைய இசைத்தட்டுகள் வந்திருக்கும், பெயரும் பெரிதாகப் பரவியிருக்கும். வங்காளிகள் அவரை ஆசிரமத்துக்குப் போய்விட்டவர் என்றார்கள். ஆசிரமத்திலிருந்தும் கடைசியில் அவர் வெளியேறினார். தமிழர்களுக்கோ அவர் எம்.எஸ்.ஸோடு கேட்கும் பெயர் தெரியாத ஆண் குரல். இப்படி எந்தப் பக்கமும் முழுதாகச் சொந்தம் கொண்டாடாமல் போனதால்தான் அவர் மெல்ல மறக்கப்பட்டார்.

ஆனால் ஒரு பாடகரைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்ப எளிது. மூன்று நிமிடம் ஒதுக்கினால் போதும். அடுத்த முறை அந்த வந்தே மாதரம் காதில் விழும்போது, அந்த ஆண் குரல் யாருடையது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.